பழுதுற்ற படகை வாங்கிச் செப்பனிடலாமா? பழவேற்காட்டுக் கரையை முன்வைத்து ஒரு மதிப்பாய்வு

திருப்பதி என்றதும் நினைவுக்கு வருவது மலை. ஆனால் 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு மாவட்டங்களை மறுபடி வகுத்தபோது, பழைய சித்தூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் ஆயின. தடா, சூளூர்ப்பேட்டை, வாக்காடு வட்டாரங்கள் அதற்குள் வந்தன. அவற்றோடு ஒரு கடற்கரையும், பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் வந்தன. ஸ்ரீஹரிகோட்டைத் தீவு கடலிலிருந்து பிரித்து வைத்திருக்கும் அந்த உவர்நீர் ஏரியில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஊர்கள் உள்ளன. இரக்கம் தீவில் வாழ்வோர் பீமுனிவாரிபாளையத்துத் துறைக்கு வரவும் திரும்பவும் படகையே நம்பியிருக்கிறார்கள்.

இத்தகைய கரைகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. கவிழ்த்துப் போடப்பட்ட பழைய படகு ஒன்று விலைக்கு வருகிறது. பலகை பிளந்திருக்கிறது, அல்லது ஃபைபர் உடல் வெடித்திருக்கிறது. புதுப் படகின் விலையில் ஒரு சிறு பங்கே கேட்கிறார்கள். வாங்கிச் செப்பனிடலாமா, விட்டுவிடலாமா?

வாங்குபவரின் கைப்பணத்தைப் பற்றிய சிறு கேள்வியாக இது தோன்றலாம். எனினும் தச்சர்கள், திட்ட வகுப்பாளர்கள், சிற்ப நூலோர், மரபுக் காப்பாளர்கள், பாதுகாப்பு அதிகாரிகள் எனப் பலர் இதற்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன, எது இன்னும் தீராமல் நிற்கிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

பழுதுபார்ப்பே படகின் வாழ்வு: தச்சர் மரபு

மிகப் பழைய விடை, செப்பனிடலாம் என்பதே. இன்னும் சரியாகச் சொன்னால், கட்டுவதையும் செப்பனிடுவதையும் இந்த மரபு தனித்தனி வேலைகளாகப் பார்த்ததில்லை.

சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு இதற்கு நல்ல சான்று. அதன் பலகைகளை ஆணி அடித்து இணைப்பதில்லை. தென்னங்கயிற்றால் தைப்பார்கள். உள்ளே விலாச் சட்டங்களும் கிடையாது. அலை மோதும்போது உடல் நெளிந்து கொடுக்கும். துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கடத்தியவை இவையே. கயிறு இற்றால் பிரித்து மறுபடி தைக்க வேண்டும் என்பது அந்த அமைப்பிலேயே அடங்கிய விதி. கட்டுமரமும் அப்படித்தான். கரையேறியதும் மரங்களைப் பிரித்து உலர்த்துவதும், இற்ற மரத்தை மட்டும் மாற்றுவதும் அதன் அன்றாடம். 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஹோர்னெல், சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றியவர். அவர் பதிவு செய்த கலங்களில் பல, இப்படிப் பகுதி பகுதியாகப் புதுப்பிக்கப்பட்டு வாழ்ந்தவையே.

ஆணி அடித்துக் கட்டிய தோணி, வள்ளங்களிலும் இதே மனநிலை தொடர்ந்தது. பலகை இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசும் கலப்பற்று வேலை, காலந்தோறும் திரும்பச் செய்ய வேண்டியது. சென்னையையும் பழவேற்காட்டையும் வடக்கே ஆந்திரக் கரையையும் இணைத்த பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிச் சென்ற படகுகளையும் இந்தப் பராமரிப்பே ஓட்டியது.

இந்த நிலைப்பாட்டின் வலிமை அனுபவம். ஆனால் அது மூன்று ஊன்றுகோல்களின் மேல் நிற்கிறது: எளிதில் கிடைக்கும் நல்ல மரம், கட்டுப்படியாகும் கூலிக்கு வரும் கைதேர்ந்த தச்சர், நாள்தோறும் படகைக் கவனிக்கும் உடைமையாளர். மூன்றும் இன்று ஆட்டங்கண்டிருக்கின்றன. முதிர்ந்த மரம் அரிதாகி விலையேறிவிட்டது. படகுத் தச்சு வேலைக்கு வரும் இளைஞர் குறைவு. தொடர்ந்து பேணப்பட்ட படகுக்குப் பொருந்திய ஞானம், பல பருவங்கள் கரையில் கைவிடப்பட்ட படகுக்கும் அப்படியே பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. விலைக்கு வரும் பழம்படகு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

புதியதே மேல்: வளர்ச்சித் திட்டங்களின் கணக்கு

இரண்டாவது விடை விடுதலைக்குப் பின் வந்தது. 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே ஒப்பந்தத்தின் கீழ்க் கேரளத்தின் கொல்லம் வட்டாரத்தில் மீன்பிடி இயந்திரமயமாக்கம் தொடங்கியது. பழைய கலத்தைத் திருத்துவதைவிடப் புதிய வடிவில் புதிய கலம் தருவதே முன்னேற்றம் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், ஆந்திர, தமிழகக் கரைகளில் அலையைக் கடந்து மணலில் ஏறக்கூடிய புதுப் படகு வடிவங்களைச் சோதித்தது. கண்ணாடியிழைப் படகு பரவ அத்தகைய முயற்சிகளும் வழி செய்தன. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் மரபு மீனவருக்கு மாற்றுப் படகும் வலையும் வழங்கும் பிரிவு உண்டு. பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடும் மானியம் என்பது அத்திட்டத்தின் பொது விதி.

இந்த நிலைப்பாட்டினர் கணக்கை நேராக வைப்பார்கள். பழம்படகின் விலை என்பது அதன் முழுச் செலவில் முதல் தவணை மட்டுமே. அதைத் தூக்கிவரும் வண்டிச் செலவு, உலரக் காத்திருக்கும் காலம், மரமோ பிசினோ வாங்கும் செலவு, கூலி, எஞ்சின், பதிவு, இவற்றுக்கிடையே இழக்கும் மீன்பிடி நாட்கள் அனைத்தையும் கூட்ட வேண்டும். பிரித்துப் பார்க்கும்போது வெளியில் தெரியாத பழுது வெளிப்படுவதும் இயல்பு. அந்த நிலையில், ‘இவ்வளவு போட்டாகிவிட்டது’ என்ற ஒரே காரணத்துக்காக மேலும் மேலும் பணம் போடும் ஆபத்து உண்டு. புதுப் படகில் செலவு முன்கூட்டியே தெரியும். கடனும் காப்பீடும் எளிதாகலாம்.

வாதம் வலுவானது. ஆனால் அதிலும் இடைவெளிகள் உள்ளன. முதலாவது, புதியது என்பதாலேயே நல்லது என்ற நம்பிக்கை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையெங்கும் உதவியாக ஃபைபர் படகுகள் குவிந்தன. அவசரத்தில் கட்டப்பட்ட பலவற்றின் தரம் குறித்து அக்காலத்திலேயே கடும் விமரிசனங்கள் எழுந்தன. தேவைக்கு மேல் படகுகள் பெருகின என்றும், செப்பனிட்டிருக்கக்கூடிய பழைய கலங்கள் கைவிடப்பட்டன என்றும் துறையறிஞர் பலர் சுட்டிக்காட்டினார்கள். இரண்டாவது, மானியம் கணக்கைச் சாய்க்கிறது. புதியதற்கு உதவி கிடைத்துச் செப்பனிடுவதற்குக் கிடைக்காதபோது, புதியது மலிவாகத் தெரிவது மரத்தின் இயல்பால் அல்ல, கொள்கையின் இயல்பால். மூன்றாவது, கழிவு. இற்ற மரப்படகு விறகாகவோ மண்ணாகவோ போய்விடும். இற்ற ஃபைபர் உடலைச் சிறு ஊர்களில் முறையாக அகற்ற வழியில்லை. கரையிலேயே கிடந்து பொடிந்து நீரில் கலக்கிறது. இந்தச் செலவை எந்தப் பற்றுச்சீட்டும் காட்டுவதில்லை.

அங்கமா, உபாங்கமா: உடலைச் சோதிக்கும் பார்வை

மூன்றாவது விடை, முன்முடிவு எதுவுமின்றிப் பழுது எங்கே என்று பார்க்கச் சொல்கிறது. இதற்குத் திருப்பதி வட்டாரத்துக்கு நன்கு பழக்கமான ஓர் இணை உண்டு. ஆகம, சிற்ப நூல்கள் ‘ஜீர்ணோத்தாரணம்’ என்னும் திருப்பணி முறையைப் பேசும்போது, படிமத்தின் பழுதை வகைப்படுத்துகின்றன. விரல், அணிகலன் போன்ற சிற்றுறுப்புகளில் (உபாங்கம்) பழுது என்றால் செப்பனிடலாம். தலை, உடல் போன்ற பேருறுப்பு (அங்கம்) சிதைந்தால் அதை விடுத்துப் புதியது செய்ய வேண்டும். திருமலையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அஷ்டபந்தன மகாசம்ப்ரோட்சணம், கடைசியாக 2018 ஆகஸ்டில் நடந்தது. பழுது முற்றும்வரை காத்திராமல் காலக்கெடு வைத்துப் புதுப்பிக்கும் மரபு அது.

படகிலும் பேருறுப்பும் சிற்றுறுப்பும் உண்டு. அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா, அதிலிருந்து கிளைக்கும் விலாச் சட்டங்களான வங்குகள், முன்பக்க அணியத்திலும் பின்பக்க அமரத்திலும் நிற்கும் முனைமரங்கள் ஆகியவை பேருறுப்புகள். பக்கப் பலகை, தட்டு, இருக்கை, விளிம்பு ஆகியவை சிற்றுறுப்புகள். ஒரு பலகை இற்றிருந்தால் மாற்றலாம். ஏரா வளைந்திருந்தாலோ வங்குகள் வரிசையாக இற்றிருந்தாலோ, செப்பனிடுதல் என்ற பெயரில் புதுப் படகே கட்ட வேண்டியிருக்கும்.

பழுதின் தன்மையும் முக்கியம். கோடையில் ஏரியின் வடபகுதி வற்றும்போது தரையில் கிடக்கும் மரப்படகின் பலகைகள் சுருங்கி இடுக்குகள் திறக்கும். வெளிச்சம் தெரியுமளவு இடைவெளி இருந்தாலும் அது பழுது ஆகாது. தண்ணீரில் ஊறினால் மரம் உப்பி அடைத்துக்கொள்ளும். இதை அறியாமல் அந்த இடுக்கில் சிமெண்டோ கெட்டிப் பசையோ நிரப்பினால், மரம் உப்பும்போது இடமின்றிப் பலகை பிதுங்கும், ஆணி தளரும். நல்ல நிலையில் இருந்த படகு செப்பனிட்டதாலேயே கெடும்.

மறுபுறம், வெளியே அழகாகத் தெரியும் பலகை உள்ளே கூடாகியிருக்கலாம். கப்பற்புழு எனப்படும் டெரிடோ, உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்தது. ஊசிமுனை அளவு துளையில் நுழைந்து மரத்தின் உள்ளே விரல் பருமனுக்கும் குடையும். அது உவர்நீரில் செழிக்கும். நீண்ட நாள் நன்னீரிலோ வெயிலிலோ இருந்தால் மடியும். மழைக்காலத்தில் நன்னீர்ப் பக்கமும் கோடையில் கடலை விஞ்சும் உப்புக்கும் மாறி மாறிப் போகும் பழவேற்காட்டு நீரில், படகு எந்தப் பருவத்தில் எந்தப் பகுதியில் நின்றது என்பதே அதன் மரத்தின் வரலாறு. பூஞ்சையால் வரும் அழுகலுக்கோ காரணம் வேறு. உப்புநீர் அதைத் தடுக்கும், தேங்கிய மழைநீர் வளர்க்கும். ஆகவே அழுகலைத் தேடுபவர் நீருக்கடியில் இருந்த பலகையைவிட, மேல் விளிம்பிலும் மூலைகளிலும் மழைநீர் நின்ற இடங்களிலும் ஊசி குத்திப் பார்ப்பது பயன் தரும். ஊசி எளிதில் இறங்கினால் மரம் இற்றது என்று கொள்ளலாம். துருவேறிய இரும்பு ஆணியைச் சுற்றி மரம் கறுத்து மென்மையாகியிருந்தால், பலகை நன்றாக இருந்தும் பிடிப்பு போயிற்று என்று பொருள்.

மாற்றும் மரத்தைப் பற்றியும் பழைய எச்சரிக்கை ஒன்று உண்டு. போஜ மன்னன் பெயரால் வழங்கும் ‘யுக்திகல்பதரு’ என்ற வடமொழி நூல், இருவேறு வகை மரங்களைச் சேர்த்துக் கட்டிய கலம் நிலைக்காது என்கிறது. அந்நூல் மரங்களுக்குச் சாதிவகை கற்பித்துச் சொல்லும் காரணத்தை இன்று ஏற்க முடியாது. ஆனால் வெவ்வேறு அளவில் உப்பிச் சுருங்கும் மரங்களை அருகருகே பொருத்தினால் மூட்டு பிரியும் என்ற நடைமுறை உண்மை அதனுள் இருப்பதாகக் கருத இடமுண்டு.

இந்தச் சோதனைப் பார்வை மற்ற இரண்டையும்விட நடுநிலையானது. அதன் பலவீனம், அது சோதிப்பவரின் கையை நம்புகிறது. ஊசியும் சுத்தியலும் இன்றைய நிலையைச் சொல்லும்; ஐந்தாண்டுக்குப் பிந்தைய நிலையை ஊகிக்க மட்டுமே உதவும். சிறு படகுகளைச் சோதித்து எழுத்தில் சான்று தரும் நடுநிலை ஆய்வாளர்கள் நம் கரைகளில் அரிது. விற்பவரும் சோதிப்பவரும் ஒரே ஊரார் என்றால், நேர்மையாகச் சொல்வதற்கும் தயக்கம் வரலாம்.

காலங்கடந்த சோதனையால் பயனில்லை என்பதற்கும் இம்மாவட்டத்திலேயே பாடம் உண்டு. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய காளத்தி ராஜகோபுரம், விரிசல்கள் கண்ணுக்குத் தெரிந்திருந்தும் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. பிறகு புதிதாகக் கட்டி 2017இல் குடமுழுக்கு செய்தார்கள். கோபுரமும் படகும் ஒன்றல்ல. ஆனால் செப்பனிடுவதா புதிதாகக் கட்டுவதா என்ற தேர்வு, ஒரு கட்டத்துக்குப் பின் நம் கையைவிட்டுப் போய்விடும் என்பது இரண்டுக்கும் பொது.

ஃபைபர் படகின் தனிச் சிக்கல்

மேற்கண்ட அறிவு பெரும்பாலும் மரத்தைப் பற்றியது. இன்று விலைக்கு வரும் பழம்படகுகளில் பல ஃபைபர் உடல் கொண்டவை. அவற்றுக்கு மரபுச் சோதனை முறைகள் அப்படியே பொருந்தா.

ஃபைபர் அழுகாது என்பது பரவலான நம்பிக்கை. கண்ணாடியிழை அழுகாதுதான். ஆனால் அமரப் பலகைக்குள்ளும் சட்டங்களுக்குள்ளும் வைத்து மூடப்பட்ட மரம் அழுகும். எஞ்சினைத் தாங்குவது அந்தப் பகுதியே. வெளிப்பூச்சில் கொப்புளம் எழுவது நீர் உள்ளே புகுந்ததன் அடையாளம். சிறு சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்றும் அடுக்குகள் பிரிந்த இடம் மொத்தென்றும் ஒலிக்கும். ஓட்டையை அடைக்கும்போது சுற்றிலும் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்துப் புது அடுக்குகளை ஒட்ட வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. மேலே ஒரு துண்டை ஒட்டிச் சாயம் பூசினால் பார்வைக்கு நன்றாக இருக்கும், அலையில் பிரிந்துவிடும்.

இன்னொரு வழக்கம் தனியாகக் கருதத்தக்கது. பழைய மரப்படகின் மேல் ஃபைபர் போர்த்தினால் அது நிலைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். 1957இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், மருந்தேற்றிய ரப்பர் மரத்தில் படகு கட்டி அதன்மேல் கண்ணாடியிழை போர்த்தும் முறையைச் சோதித்துப் பரப்பியிருக்கிறது. ஆனால் அது உலர்ந்த, பதப்படுத்திய புது மரம். ஈரம் ஏறிய பழைய மரத்தின்மேல் அதே போர்வை சரியாக ஒட்டாது. உள்ளே இருக்கும் ஈரமும் வெளியேற முடியாமல் அழுகல் மறைவில் வளரக்கூடும். ஒரே உத்தி ஓரிடத்தில் காப்பாகவும் இன்னோரிடத்தில் கேடாகவும் ஆவதை இங்கே காண்கிறோம்.

நினைவாகப் படகு

நான்காவது நிலைப்பாடு கேள்வியையே மாற்றுகிறது: படகைத் தொழிற்கருவியாக மட்டும் பார்க்கலாமா? ஏதென்ஸ் மக்கள் தீசியஸின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றிக் காத்தார்கள் என்று புளூட்டார்க் எழுதினார். எல்லாப் பலகையும் மாறியபின் அது அதே கப்பலா என்ற வினா அங்கே பிறந்தது. கழற்றிய பழம்பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையானது என்று தாமஸ் ஹாப்ஸ் பின்னாளில் கேட்டார்.

இது தத்துவம் மட்டும் அல்ல என்பதை நம் மரமே காட்டுகிறது. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல், பல ஆண்டுகள் செப்பனிடப்பட்டு இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. நேர்மாறான வழியை இந்தியக் கடற்படை எடுத்தது. பழைய கலத்தை மீட்காமல், பழைய தையல் முறையை மீட்டுப் புதிய கப்பல் கட்டியது. ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. பொருளைக் காப்பதா, கைத்திறனைக் காப்பதா என்ற பிளவு இங்கே தெளிவாகிறது.

தமிழருக்கு நெருக்கமான இன்னொரு சான்று வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி. ராபின்சன் என்ற அமெரிக்க மாலுமி அதை விலைக்கு வாங்கினார். புதுப்பெயர் பெற்ற அந்தப் பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகள் செலுத்த, 1938இல் மாசசூசெட்சின் குளோஸ்டர் துறையை அடைந்தது. அது கைவிடப்பட்ட கலமாகக் கிடக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்த கலம். வாங்கியவர் அதன் வடிவத்தை விரும்பினார். செலுத்தத் தெரிந்தவர்களும் அதனுடனேயே சென்றார்கள். விருப்பமும் கைத்திறனும் ஒன்றாக இருக்கும்போது பழம்படகு நெடுந்தூரம் போகும் என்பதற்கு இது சாட்சி.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் பணம். அரசோ அறக்கட்டளையோ தாங்கினாலன்றி நினைவுக்கான செப்பனிடல் நீடிப்பதில்லை. பிழைப்புக்காகப் படகு வாங்கும் குடும்பத்தின்மேல் மரபைக் காக்கும் சுமையையும் ஏற்றுவது நியாயமா என்ற கேள்வியும் உண்டு. மறுபுறம், ஒரு வடிவத்தின் கடைசிச் சில படகுகள் ஒரு கரையில் எஞ்சியிருக்கையில், அவற்றை வெறும் கணக்கால் தள்ளிவிட்டால் திரும்பப் பெற முடியாத அறிவும் போய்விடும்.

உயிர்ப்பொறுப்பும் சட்டமும்

படகில் ஏறுவோர் யார் என்பது முடிவை மாற்றும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தோர் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2019 செப்டம்பர் 15 அன்று கோதாவரியில் கச்சுலூரு அருகே சுற்றுலாப் படகு மூழ்கிப் பலர் மாண்டனர். இத்தகைய துயரங்களுக்குப் பின் முதன்மையாகப் பேசப்பட்டவை, ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கை, உயிர்க்காப்பு அங்கி, இயக்கும் முறை ஆகியவை. இதிலிருந்து கிடைக்கும் பாடம் நுட்பமானது. உடல் நன்றாக இருந்தாலும் படகு கொல்லக்கூடும். ஆகவே செப்பனிட்டுவிட்டோம் என்பது பாதுகாப்புக்குப் போதிய சான்றாகாது. தான் மட்டும் ஏறி வலை வீசும் படகுக்கு ஏற்கத்தக்க பழுது, பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் படகுக்கு ஏற்கத்தக்கதல்ல.

சட்டமும் இதே திசையில் நகர்ந்திருக்கிறது. கடலில் இறங்கும் மீன்பிடிப் படகுக்கு ஆந்திரக் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம், 1994 பதிவைக் கோருகிறது. உள்நாட்டு நீரில் இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்கு, 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 சோதனையையும் பதிவையும் வகுத்துள்ளது. பதிவுத் தாள் இல்லாத பழம்படகை வாங்குபவர், மரத்தை மட்டுமின்றி ஒரு வழக்கையும் வாங்கக்கூடும். பழவேற்காடு பறவைகள் சரணாலயமாகவும் இருப்பதால், எங்கே எஞ்சின் ஓட்டலாம் என்பதும் முன்பே தெளிய வேண்டிய செய்தி. ஏரியின் தமிழகப் பகுதியில் ‘பாடு’ எனப்படும் முறைப்படி மீன்பிடிக்கும் முறையும் இடமும் ஊர்வழக்கால் பகிரப்படுகின்றன. படகு கிடைத்தாலும் அந்த முறை கிடைக்குமா என்பது தனிக் கேள்வி.

தண்ணீர் இருக்கிறதா?

ஐந்தாவது பார்வை அண்மையது. படகைப் பார்க்கும் முன் நீரைப் பாருங்கள் என்கிறது. பழவேற்காடு ஆழமற்ற ஏரி. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். வண்டல் சேர்வதும் முகத்துவாரங்கள் மணலால் மூடுவதும் இங்கே நெடுநாள் கவலை. இந்த ஏரிக்கு ஏற்றது, தட்டையான அடியும் குறைந்த எடையும் கொண்ட கலம். கடலுக்கென்று கட்டிய கூரிய அடிப்படகு எவ்வளவு மலிவாக வந்தாலும், எவ்வளவு நன்றாகச் செப்பனிடப்பட்டாலும், ஆண்டின் பல மாதங்கள் சேற்றில் நிற்கும். செப்பனிடும்போது சேர்க்கும் ஒவ்வோர் அடுக்கும் எடை கூட்டும் என்பதையும் மறக்கலாகாது. கடலில் அது சிறு குறை. இந்த ஏரியில் பெருங்குறை.

காலமும் நீரோடு சேர்ந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் தச்சருக்கு வேலை குவியும். மரம் நன்கு உலர்வதும் அப்போதுதான். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது வாங்கிய படகை உலர்த்த வழியிருக்காது.

இந்தப் பார்வையின் குறை, அது தனிமனிதரின் கேள்விக்குப் பொதுச் சூழலின் விடையைத் தருகிறது. ஏரி எப்படி மாறும் என்பதை எந்தக் குடும்பமும் தனியே முடிவு செய்ய முடியாது. ஆனால் அந்த மாற்றத்தின் விலையைக் குடும்பங்களே தருகின்றன.

மதிப்பீடு

ஐந்து பார்வைகளையும் அருகருகே வைத்தால், அவை மோதிக்கொள்வதைவிட வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்வதே மிகுதி என்று தோன்றுகிறது. குழப்பம் பெரும்பாலும் வரிசை மாறுவதால் வருகிறது. வழக்கமாக விலையில் தொடங்குகிறோம், பிறகு பழுதைப் பார்க்கிறோம், கடைசியில் எங்கே ஓட்டுவது என்று யோசிக்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்குவது நல்லது: எந்த நீர், எந்தப் பயன், எந்த உரிமை என்பது முதலில், பேருறுப்புகள் நிலைத்திருக்கின்றனவா என்பது அடுத்து, செப்பனிட ஆளும் பொருளும் எட்டும் தூரத்தில் உண்டா என்பது மூன்றாவது, விலை நான்காவது. முதல் மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்ற விடை வந்தால், இலவசமாகக் கிடைக்கும் படகும் விலை மிகுந்ததே. மூன்றுக்கும் ‘உண்டு’ என்றால், படகின் வயது தடையாகத் தெரியவில்லை. ஏராவும் வங்குகளும் உறுதியாக இருந்து, பலகைகள் மட்டும் பழுதான நாட்டு மரப்படகு ஒன்று, தச்சர் உள்ள ஊரில், மானியம் எட்டாத குடும்பத்துக்குக் கிடைக்குமானால் அதை மீட்பது தகும் என்றே சான்றுகள் சாய்கின்றன. அமரம் இற்ற, அடுக்குகள் பிரிந்த ஃபைபர் படகில் பயணிகளை ஏற்றும் எண்ணம் இருந்தால், விடுவதே முறை.

தீராத கேள்விகளும் உண்டு. மானியத்தையும் கழிவையும் சேர்த்துக் கணக்கிட்டால் புதியது உண்மையில் எவ்வளவு மலிவு என்பது இந்தக் கரையளவில் தெளிவாகவில்லை. செப்பனிடுவதற்கும் மானியம் தந்தால் தச்சுத் தொழில் மீளுமா, அல்லது ஓடத்தகாத படகுகள் நீரில் தங்கிவிடுமா என்பது இருபக்கமும் வாதிடத்தக்கது. சிறு படகுகளுக்கு நம்பத்தக்க சோதனைச் சான்று தரும் அமைப்பை மீனவர் சங்கங்கள் நடத்துவதா, அரசு நடத்துவதா என்பதும் முடிவாகவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரக்கம் தீவுக்கும் அதன் அண்டை ஊர்களுக்கும் முன்னால் நிற்பது ஏரியின் எதிர்காலம். இன்று நன்றாகச் செப்பனிட்ட படகு பத்தாண்டு உழைக்கலாம். அந்தப் பத்தாண்டும் அது மிதக்க முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும், ஏரியில் நீர் நிற்க வேண்டும். படகின் பேருறுப்புகளைப் பட்டியலிடும்போது ஏராவுக்கும் முன்னால் எழுத வேண்டிய பெயர் அந்த நீர். அதன் பழுதைப் பார்க்கும் பொறுப்பு, படகு வாங்க வரும் ஒருவரின் தோளில் மட்டும் விட்டுவிடத் தக்கதன்று.